‘ஏதோ நடந்துட்டு’ என்கிறாள்

அவள் தெரிந்தேதான் செய்தாள், தாயி. தெரியாமல் செய்தவள் என்றால் நான் இந்த உச்சி வெயிலில் பஸ் ஏறிப் போவேனா? கண்ணைத் திறந்துகொண்டுதான், ஒரு கையால் என்னை வெளியே தள்ளி, மறு கையால் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டவள் இன்றைக்கு வெற்றிலையை மென்றுகொண்டு “ஏதோ நடந்துட்டு” என்கிறாள். ஏதோவாம். ஏதோ!

கொஞ்சம் நகரு. ஜன்னலோரம் எனக்கு வேணும். பயப்படாதே, நான் சாந்தமான பொம்பளை. ஏய் கண்டக்டரே! அந்தப் பாட்டைக் குறைக்கியா, இல்ல நான் வந்து ஒயரைப் பிடுங்கட்டா? இங்க மனுசங்க பேசுதாங்கள்ல! பார்த்தாயா, குறைத்துவிட்டான். எனக்குக் கோபமே வராது தாயி. சத்தம் மட்டும் தூக்கல். ஆட்டுச் சந்தையில் கத்திக் கத்திக் காய்த்துப்போன தொண்டை. அதைக் கோபம் என்று ஊர் சொன்னால் ஊர் வாயில் மண்ணு.

யாரைச் சொல்கிறேன் என்று முழிக்கிறாயே, என்னைப் பெற்றவளைத்தான். விளாத்திகுளம் தாண்டி, என் தம்பி வீட்டில் இருக்கிறாள். அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். வருகிற முகூர்த்தத்தில் என் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் எங்கம்மாவிடம் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. நகை இல்லை, நட்டு இல்லை. ஒரு பேச்சு. அந்தப் பேச்சு வராமல் அவள் மணமேடைப் பக்கம் கால் வைக்க முடியாது. சொல்லியாகிவிட்டது.

என் பேர் சீனியம்மாள். எட்டயபுரம் சந்தையில் வந்து சும்மா பேரை மட்டும் சொல்லிப் பார், ஆடு கூடத் திரும்பிப் பார்க்கும். ஆட்டுத் தரகு. பொம்பளை தரகு பார்த்து நீ கண்டிருக்கமாட்டாய். நானும் கண்டதில்லை, நான் வருகிற வரைக்கும். கட்டினவன் கைப்பிள்ளையோடு என்னை விட்டுவிட்டுப் போனான். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக் கொஞ்ச நாள் ஓட்டினேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை சந்தைக்குள் நுழைந்தவள்தான்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்கிறது கிடையாது. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். மேலே துண்டு மூடியிருக்கும், உள்ளே விரலைப் பிடிக்கிறதுதான் விலை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ரெண்டு விரலைப் பிடித்தால் ரெண்டு, கையை மொத்தமாகக் கவ்வினால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது ஆட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றிலும் எத்தனை பேர் நின்றாலும் ஒருத்தனுக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அந்தத் துண்டுக்குள் ஒரு பொம்பளை கையை விடுகிறதா என்று ஆரம்பத்தில் ஒரே கூப்பாடு. ஒருத்தன் விலை சொல்கிற சாக்கில் உள்ளங்கையைச் சுரண்டினான். சுண்டுவிரலைப் பிடித்து ஒரு மடக்கு மடக்கினேன். இன்றைக்கும் அவன் டீ கிளாஸ் பிடித்தால் அந்த விரல் மட்டும் தனியாக நிற்கும். அதற்கப்புறம் எல்லாருக்கும் நான் சீனியக்கா.

அப்பேர்ப்பட்ட நான், போன ஆடி மாசம், நடுச் சந்தையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றுமே நடக்கவில்லை தாயி. ஒரு வியாபாரி, கொஞ்சம் குடித்திருந்தான், கூட்டத்தில் யாரையோ கூப்பிடக் கையைத் தூக்கினான். அவ்வளவுதான். சாராய வாடையும் தூக்கின கையும் ஒன்றாக வந்ததும் என் முழங்கால் தன்னால் மடங்கிவிட்டது. தலையை ரெண்டு கையாலும் மூடிக்கொண்டு ஆட்டுப் புழுக்கையில் உட்கார்ந்து, “மூணு போதும், மூணு போதும்” என்றேனாம். எனக்கு நினைவில்லை. பார்த்தவர்கள் சொன்னது. “சீனியக்கா கிடாயை மூவாயிரத்துக்கு இறக்குதாடோய்” என்று ஒருத்தன் சிரித்தானாம். எழுந்ததும் கம்பை எடுத்து, கையைத் தூக்கினவனை நாலு சாத்துச் சாத்தினேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

விஷயம் என் மகள் காதுக்குப் போய்விட்டது. செண்பகவல்லி. கோவில்பட்டியில் ரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். “வாம்மா, சுகர் பார்த்துட்டு வருவோம்” என்று பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் போர்டைப் படித்துவிட்டேன். மனநலப் பிரிவு.

“ஏட்டி, எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“கிறுக்கு இல்லம்மா. உள்ள ஒரு மேடம் இருக்காங்க. பேசிட்டு வா. பத்து வாரம் வரணும்.”

“மூணு வாரம்.”

“எட்டு.”

“அஞ்சு. அதுக்கு மேல வாசல்ல கூட மிதிக்கமாட்டேன்.”

“நீ வரலைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் போட்டுச் சொல்லிருவேன்.”

எட்டுக்கே படிந்தது. வேறு வழி? என் மகளா கொக்கா!

அவள் சின்னப் பிள்ளையிலேயே கெட்டிக்காரி, கேளு. நான் சந்தை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிற தினுசை உள்ளே நின்று பார்ப்பாள். செருப்பு பறந்தால் வெளியே வரமாட்டாள். ஒழுங்காகக் கழற்றி வைத்தால் மார்க்கு அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். “யம்மா, தட்டெல்லாம் கழுவிட்டேன், தண்ணி பிடிச்சிட்டேன், இன்னைக்குச் சத்தம் போடாம இருப்பியா?” என்று பேரம் பேசும் அந்தத் தக்கனூண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பேரம் எங்கள் ரத்தத்திலேயே ஓடுது பாரு! ஒரு நாள் அவள் மேல் நான் கை வைத்ததில்லை. இதை அந்த மேடத்திடமும் பெருமையாகச் சொன்னேன். அவள் தண்ணி கிளாசை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். எனக்குத் தாகமே இல்லை.

அந்த மேடம் பேர் பியூலா. தூத்துக்குடிப் பிள்ளை. என் மகளுக்கு நாலைந்து வயசு மூத்தவளாக இருப்பாள். முதல் நாள் உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு, “கேளுங்க” என்றேன். “நீங்க சொல்லுங்கம்மா” என்றாள். “எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல.” “அப்ப சும்மா இருப்போம்” என்றாள். இருந்தோம். சந்தையில் எதிராளியைப் பேசவைக்க நான் செய்கிற வேலை அது. என்னிடமே காட்டுகிறாள்! இருந்தாலும் ஆள் விவரமானவள் என்று அன்றைக்கே கண்டுகொண்டேன்.

ரெண்டாம் வாரம் எங்க அப்பா கதையைச் சொன்னேன். அதைச் சந்தையில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், டீக்கடையே சிரித்து உருளும். எங்க அப்பா பருத்தி ஜின்னிங் மில்லில் மூட்டை தூக்கினவர். சம்பளம் வாங்கின அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். தெருமுனையில் ஒரு இருமல். அந்த இருமலை வைத்தே எத்தனை கிளாஸ் உள்ளே போயிருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். இருமல் கேட்டதும் எங்கம்மா என் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். என்னை வாசலுக்குத் தள்ளுவாள். “நீ சொன்னாத்தான் கேப்பாரு, போட்டீ.” கதவு சாத்திவிடும். நான் ரெண்டாங்கிளாஸ்.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வருவார். நான் கேட்பேன்: “யப்பா, இன்னைக்கு எத்தனை அடி?” அவருக்கே ஒரு நிமிசம் திகைப்பாகிவிடும். “அஞ்சு” என்பார். “ரெண்டு அடிங்கப்பா. சோறு சூடா இருக்கு.” “நாலு.” “மூணு போதும்பா. மூணு போதும். அம்மாளை அடிக்கக்கூடாது.” மூணுக்குப் படியும். வாங்கிக்கொள்வேன். அப்புறம் கதவைத் தட்டி, “முடிஞ்சிட்டும்மா, திற” என்பேன். “உன் முதல் தரகே உங்க அப்பன்கிட்டதான் சீனியக்கா” என்று டீக்கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிப்பான கதைதானே?

பியூலா மட்டும் சிரிக்கவில்லை.

“அம்மா, அந்த வாசல்ல நின்னப்ப எவ்வளவு வலிச்சுது? ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. உங்க நம்பரைச் சொல்லுங்க” என்றாள்.

“ரெண்டு.”

“ரெண்டா?”

“ஒன்றரைன்னு வச்சுக்கோ. அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் இதுதான். எனக்கு எலும்பு முறிஞ்சுதா? கண்ணு போச்சா? தின்னு கொழுத்துத்தான் இருக்கேன்.”

“அப்ப ஒண்ணு?”

“ஒண்ணுதான்” என்றேன். சொல்லிவிட்டு ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தொழில் பற்றி நான் முந்தியே அவளிடம் அளந்திருந்தேன். வாங்க வருகிறவன் ஆட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காது மடங்கியிருக்கு, மூக்கு ஒழுகுது, இது தண்ணி குடிச்ச வயிறு என்று சரக்கை மட்டம் தட்டுவான். விற்கிறவன் ஒருபோதும் தன் ஆட்டைக் குறை சொல்லக்கூடாது என்று. அதைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க வாங்க வந்தவங்க மாதிரி பேசுறீங்கம்மா. இது உங்க ஆடு. நான் விலையே கேட்கலை, நீங்களே ஏன் குறைச்சுக்கிட்டே வாரீங்க?”

எனக்கு வந்ததே ஒரு... கோபம் இல்லை, கோபம் இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மேஜையிலிருந்த பேனா டப்பா கீழே போய்விட்டது. “எனக்கே தரகு சொல்லிக் குடுக்கியா? வாயில என்ன நம்பர் வந்தாலும் பொய்தான்! எங்க சந்தையில எவனும் வாயால விலை சொல்லமாட்டான், தெரியுமா உனக்கு?” என்று கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தது.

அவள் குனிந்து பேனாவைப் பொறுக்கினாள். மெதுவாக எழுந்து, என் முன்னால் கையை நீட்டினாள். “அப்ப உங்க சந்தை வழக்கப்படியே சொல்லுங்க” என்றாள்.

என்ன திமிர்! அவள் கை மெத்து மெத்தென்று இருந்தது. கயிறு இழுக்காத கை. சரி, இன்றைக்கு இவளுக்குச் சந்தை என்றால் என்ன என்று காட்டுவோம் என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து ரெண்டு கையையும் மூடினேன். ஒற்றை விரலைத்தான் பிடிக்கப் போனேன் தாயி. என் மகள் மேல் சத்தியமாக ஒற்றை விரலைத்தான். என் கை போய் அவள் கையை மொத்தமாகக் கவ்விக்கொண்டது. அஞ்சு. விட்டேன். திரும்பக் கவ்வியது. பத்து. விடவேண்டும் இல்லையா? கணக்கு முடிந்துவிட்டதே. விடவில்லை. எனக்கே வலிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. மேலே துண்டு ஆடிக்கொண்டிருக்கிறது. அவள் கையை உருவவே இல்லை. எனக்குக் கண்ணில் ஏதோ பட்டுத் தண்ணியாக ஊற்றியது. அந்த ஆஸ்பத்திரியில் பினாயிலைக் கொட்டித் தொலைக்கிறார்கள்.

இந்தா, வெள்ளரிப்பிஞ்சு வருது. யய்யா, கூறு எப்படி? எம்புட்டு? தங்கத்துலயா காய்ச்சிருக்கு? நேத்துப் பறிச்ச பிஞ்சு, முனை வாடிப் போயிருக்கு பாரு. ரெண்டு கூறா எடுத்தா என்ன விலைக்குத் தருவே? பஸ் கிளம்புதுன்னா நீதான்யா இறங்கணும், நான் இல்லை. ம், அப்படி வா வழிக்கு. இந்தா தாயி, தின்னு. பியூலாவிடம் போக ஆரம்பித்ததிலிருந்து நான் பேரத்தையே குறைத்துவிட்டேன்.

எட்டு வாரம் முடிந்தது. அதற்கு மேலும் போனேன். என் மகளுக்குத் தெரியாது. சுகர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறது. மந்திரம் மாயம் ஒன்றும் இல்லை, பேச்சுதான். ஆனால் ஒன்று. குடித்தவன் எவனாவது கையைத் தூக்கினால் இப்போதும் முழங்கால் தந்தி அடிக்கும். உடனே பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சை நிதானமாக விட்டு, “இது சந்தை. நான் சீனியம்மாள். என் கையில கம்பு இருக்கு” என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். கால் நிற்கும். கம்பைப் பற்றிச் சொல்லச் சொல்லவில்லை அவள், நானே சேர்த்துக்கொண்டது.

அப்புறம்தான் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு அழைக்கப் போனேன். தம்பி பேர் கருத்தப்பாண்டி. தங்கமான பயல். தெருப் பொம்பளைகள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எங்கம்மா. என்னைப் பார்த்ததும் எடுத்துவிட்டாள் பழைய பாட்டை: “எம்மக புலியில்லா! பயம்னா என்னன்னே தெரியாது அவளுக்கு. அவுக அய்யா தண்ணியப் போட்டுட்டு வந்தா நாங்க எல்லாம் உள்ள ஒடுங்கிக் கிடப்போம். இவ ஒத்தையில வாசல்ல நிப்பா. அந்த வயசுலயே!”

பொம்பளைகள் எல்லாம் மோவாயில் கை வைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். முன்னே எல்லாம் இதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு நிமிரும். அன்றைக்கு நிமிரவில்லை.

“நானா நின்னேன்?” என்றேன். “நீ தள்ளிவிட்டே. தாழ்ப்பாள் போட்டே.”

வெற்றிலை மெல்கிறது நின்றது. “என்னட்டீ, நல்ல காரியம் பேச வந்த இடத்துல...”

“போட்டியா இல்லையா?”

“அவன் ஆம்பிளைப் பிள்ளை, நோஞ்சான். ஒரு அடி விழுந்தா செத்துருவான். நீ தாங்குவே.”

நீ தாங்குவே. கேட்டாயா தாயி? ஆட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரிப் பார்த்திருக்கிறாள். இது தாங்கும், இதை வெளியே தள்ளு.

“அதுக்காக அறியாப் பிள்ளையையா தள்ளுவே?” என்றதும்தான் அந்தச் சொல்லைச் சொன்னாள். “சரி, ஏதோ நடந்துட்டு. மனசுல வச்சுக்கிடாதே.” சொல்லிவிட்டு அந்தப் பொம்பளைகளைப் பார்த்துச் சிரிக்கிறாள். வெற்றிலை பாக்குத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கருத்தப்பாண்டி பின்னாலேயே வந்தான். பஸ் வருகிற நேரத்தில், “யக்கா, உள்ள நான் ஒவ்வொரு அடியா எண்ணிக்கிட்டே இருப்பேன். மூணாவது விழுந்ததும்தான் மூச்சு விடுவேன்” என்றான். நாற்பது வயது ஆம்பளை, ரோட்டில் நின்று குலுங்கினான். நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவன் என்ன செய்வான், அவன் இடுப்புப் பிள்ளை.

எங்கம்மாவும் அடி வாங்கினவள்தான், எனக்குத் தெரியாதா? நான் இல்லாத நாளில் எல்லாம் அவள்தான் வாங்கினாள். பியூலாவிடம் நானே சொன்னேன். “அதுவும் உண்மைதான், இதுவும் உண்மைதான். ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணைக் கழிக்க வேண்டாம்மா” என்றாள். சரியான தரகுப் பேச்சு!

இப்போது நாலு பக்கமும் ஆள் விட்டுப் பேசுகிறார்கள். மாமா வந்தார். “வயசானவ, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போறா, நீதான் விட்டுக்குடுக்கணும்.” நான்தான் விட்டுக்கொடுக்கணுமாம். பொறந்ததிலிருந்து அது ஒன்றைத்தானே செய்கிறேன்! அவள் கல் கம்மலைக் கொடுத்தனுப்பினாள், பேத்திக்குப் போட்டுவிடச் சொல்லி. திருப்பி அனுப்பிவிட்டேன். காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், ஆனால் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லச் சொல்லாதே என்று நேற்றுத் தம்பியின் போனிலிருந்து அவளே பேசினாள். காலில் விழுவாளாம்! வாய் மட்டும் திறக்கமாட்டாளாம்! என் மகளிடம், “உனக்காகத்தாண்டி இம்புட்டும் கேக்கேன்” என்றேன். “எனக்காகன்னு சொல்லாதம்மா. உனக்கு வேணும்னா உனக்கு வேணும்னு கேளு” என்றுவிட்டாள். அதனால்தான் நேரில் போகிறேன்.

பியூலா போன வாரம் ஒரு வேலை செய்யச் சொன்னாள். காலி நாற்காலி ஒன்றை எதிரே போட்டு, அதில் எங்கம்மா உட்கார்ந்திருக்கிறதாக நினைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கணுமாம். நாற்காலியிடம் நான் என்ன பேச? முழிக்காது, முறைக்காது. எனக்கு எதிரே ஆள் வேணும். முடியாது என்றுவிட்டேன்.

இப்போதுதான் நீ இருக்கிறாயே. அடுத்த ஸ்டாப்பில் நான் இறங்கணும். கொஞ்ச நேரம் நீ அவளாக இரு. பதில் பேசவேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

யம்மா. எனக்கு உன் கம்மல் வேண்டாம். கால்ல விழவேண்டாம். அழுது காட்டவும் வேண்டாம். நீ பட்டதை நான் ஒருநாளும் குறைச்சுச் சொல்லமாட்டேன், நான் பட்டதையும் இனிமே குறைச்சுச் சொல்லமாட்டேன். பந்தக்கால் ஊனுற அன்னைக்கு வா. யார் யார்கிட்ட எல்லாம் ‘எம்மக புலி’ன்னு பெருமை அடிச்சியோ அவங்க அத்தனை பேர் முன்னாடியும் அதே வாயால சொல்லு. ‘நாந்தான் தள்ளிவிட்டேன். அது உள்ள வரணும்னு கத்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் திறக்கலை’ன்னு சொல்லு. முகத்தைத் திருப்பாதே. இங்க பாரு. ஏதோன்னு சொல்லாதே, விதின்னு சொல்லாதே. நான் தாங்குவேன்னு மட்டும் சொல்லவே சொல்லாதே. நான் புலி இல்லை. ரெண்டாங்கிளாஸ் படிச்ச பிள்ளை. அந்தப் பிள்ளை பயந்துபோய் நின்னுச்சுன்னு சொல்லு. நீதான் பார்த்தே, உன்னைத் தவிர வேற யாருக்கும் தெரியாது. நீதான் சொல்லணும். அது பயந்துச்சுன்னு சொல்லும்மா.